யார் சொன்னது

3 மார்ச் 2024
டத்தோ கிராமாட், பினாங்கு

அண்ணே,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஒன்பது நாள். கூடப் படிக்கும் ஹன்னாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி. தீபாவளிக்கு நீ துணி அனுப்பிய பார்சலின் அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதிலிருந்த ஸ்கூடாய் முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தை பிளாக் செய்ய முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படி.

பேஸ்புக்கில் என் முகம் போட்ட போஸ்டரைப் பார்த்தாய். கீழே ‘இல்லத்தில் வளர்ந்த பிரமிளாவின் உண்மைக் கதை’ என்று எழுதியிருந்தது. உடனே கூப்பிட்டு, “வெக்கமா இல்ல உனக்கு? நம்ம வீட்டுக் குப்பைய ரோட்டுல கொட்டுறியா?” என்று கத்தினாய். பிறகு பிளாக். நான் பேச வேண்டிய முறை வரவே இல்லை. அதை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பதினெட்டு வயது முடிந்து பாலிக் புலாவ் குழந்தைகள் இல்லத்திலிருந்து நான் வெளியே வந்த நாளில், வார்டன் வடிவம்மாள் அம்மா ஒரு துணிப்பையையும் என் பிறப்புப் பத்திரத்தையும் கையில் கொடுத்து, “நல்லா இரு மா” என்றார். நல்லா இருப்பது எப்படி என்று அந்தப் பையில் எதுவும் இல்லை. மூன்று வருஷத்தில் ஐந்து வேலை, நான்கு வாடகை அறை. எங்கேயும் மூட்டையைப் பிரிக்கவில்லை. இப்போது காலையில் டோபி கடையில் துணி மடிக்கிறேன். மத்தியானம், வாரத்தில் மூன்று நாள், லெபோ ஆச்சே தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடிக்குப் போகிறேன். என்னைப் போல இல்லங்களிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வருஷம் நடிப்பு, உறுமி, மேடை அமைப்பது, விளக்குப் போடுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நான் கலைக்காகப் போகவில்லை. மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன்.

முதல் நாள் காமினி மிஸ் எங்களைத் தரையில் படுத்து மூச்சு விடச் சொன்னார். இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், தெரிந்த ஒருவரைப் போல நடந்து காட்டச் சொன்னார். வடிவம்மாள் அம்மா குளியலறை வரிசையில் எங்களை எண்ணிக்கொண்டு வருவாரே, எண்ணிக்கை தப்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாரே, அதைச் செய்தேன். பதினான்கு பேர் தரையில் விழுந்து சிரித்தார்கள். எனக்கும் ஒரு காரியம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 20ஆம் தேதி எங்கள் நிகழ்ச்சி. ஆளுக்கு ஏழு நிமிஷம். என்னுடையது வேன் வந்த நாள். நம் பட்டர்வொர்த் பிளாட், மூன்றாவது மாடி. எனக்கு ஐந்து வயது. ரொட்டியை மைலோவில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளை வேன் வருகிறது. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அது இரண்டாவது பாதி. முதல் பாதியில் நான் பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி ஆன்ட்டி. கையெல்லாம் மாவு, காது சுவரில், இன்னொரு காதில் போன். “ஹலோ, வெல்ஃபேருங்களா? இங்க ஒரு குடும்பம் இருக்கு, வந்து பிரிச்சிட்டுப் போங்க லா!” எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நான் மறுபடி ஐந்து வயதுப் பிள்ளையாகி, “எங்க வீட்டுச் சுவரு உங்க காதுல இடிச்சிச்சா ஆன்ட்டி?” என்று கேட்பேன். அப்போது ஒரு சத்தமும் இருக்காது.

நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அந்த ஏழு நிமிஷம். அதைத்தான் குப்பை என்றாய்.

பிரமி


17 மார்ச் 2024
ஸ்கூடாய், ஜொகூர்

பிரமிளா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் கத்தியது தவறு. ஆனால் சொன்னது தவறில்லை.

செப்டம்பர் 8ஆம் தேதி எனக்குக் கல்யாணம் என்று உனக்குத் தெரியும். கௌரி வீட்டாரை நீ இன்னும் பார்த்ததில்லை. கூலாயில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். அவர்களிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: நம் அப்பாவும் அம்மாவும் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள், ஒரு சித்தி நம்மை வளர்த்தார், அவரும் இப்போது இல்லை. கௌரிக்கும் இதுதான் தெரியும். கௌரியின் அப்பா நாள் முழுக்க பேஸ்புக் பார்ப்பவர். உன் முகம் என் முகம் மாதிரியே இருக்கிறது.

வெட்கம் இல்லையா என்று நான் கேட்டதற்குக் கோபப்படுகிறாய். முதல் தொழிற்சாலையில் சேர்ந்தபோது விண்ணப்பப் பாரத்தில் இல்லத்தின் முகவரியை எழுதினேன். இரண்டாவது மாதம் யாருடைய லாக்கரிலிருந்தோ ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது. மேற்பார்வையாளர் நாற்பது பேரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து பையைத் திறக்கச் சொன்னார். கடிகாரம் பிறகு வேறு இடத்தில் கிடைத்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் யாரிடமும் சொல்வதில்லை. இப்போது சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டாரில் பாலத்தைத் தாண்டுகிறேன். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதுவே நிம்மதி.

அந்த நாடகத்தைச் செய்யாதே. உனக்கு ஏதாவது படிக்க ஆசை என்றால் சொல், நான் சேர்த்துவிடுகிறேன். சிகை அலங்காரமோ கணினியோ எதுவானாலும் சரி.

இன்னொன்று. புஷ்பவள்ளி ஆன்ட்டியை அப்படி நடித்துக் காட்டாதே. வயதானவர். அவரை விட்டுவிடு.

புவனேஸ்வரன்


1 ஏப்ரல் 2024
டத்தோ கிராமாட்

அண்ணே,

அப்பா இறந்தது உண்மை. ஈரல் கெட்டுப் போய், நான் பன்னிரண்டு வயதில் இருந்தபோது. அம்மாவை ஏன் கொன்றாய்? அம்மா சுங்கை பட்டாணியில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். நம்மைப் பார்க்க வரவில்லை என்பதற்காக ஒருவரை விபத்தில் சாகடிப்பாயா? இல்லாத சித்தி வேறு. அந்தச் சித்திக்குப் பெயர் வைத்தாயா? கல்யாணத்தில் யாராவது என்னிடம் சித்தி என்ன சமைப்பார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டோபி கடையில் ஒரே சட்டையை மூன்று தடவை மடிக்கிறேன். வகுப்பு இல்லாத நாளில் படகுத்துறை வரைக்கும் நடக்கிறேன், திரும்பி நடக்கிறேன். உன் மேல் மட்டும் கோபம் என்றால் பரவாயில்லை.

காமினி மிஸ் போன வாரத்திலிருந்து ஒன்று சொல்கிறார். வேன் கதவு மூடும் இடத்தில் நான் நின்றுவிட வேண்டுமாம். “அவசரப்படாத பிரமி. அந்த அழுகை மேல வரட்டும்.” முதல் தடவை வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை, என் தொடையைக் கிள்ளி வரவழைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்றிப் போயிருந்தது.

மிஸ் மோசமானவர் இல்லை. மழை பெய்தால் எங்களை நான்கு நான்கு பேராகத் தன் சின்னக் காடியில் ஏற்றி வீட்டு வாசலில் விடுவார். ஆனால் ஜூலையில் ஸ்பான்சர்கள் வருகிறார்கள். அவர்கள் மனம் இளகினால்தான் அடுத்த வருஷம் பதினான்கு பிள்ளைகளுக்கு இந்த இடம் இருக்கும். என் ஏழு நிமிஷத்தைத்தான் கடைசியில் வைத்திருக்கிறார்.

ஹன்னா தன் கதையைச் செய்யவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் தைப்பிங்கில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். “எங்கதைய எத்தனையோ ஆபீசருங்க ஃபைல்ல எழுதிட்டாங்க. மேடையில வேற எழுதணுமா?” என்றாள். அவள் இப்போது மரம் அறுக்கிறாள், ஆணி அடிக்கிறாள், செட் போடுகிறாள். நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நீ ஆன்ட்டியை விட்டுவிடு என்றாய். நான் விடமாட்டேன். அவர் குரல் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அந்த பிளாட்டுக்கே போய்ப் பார்க்கப் போகிறேன். அவரிடம் நேராகக் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

பிரமி


21 ஏப்ரல் 2024
டத்தோ கிராமாட்

அண்ணே,

நீ பதில் போடவில்லை. நான் போய்விட்டு வந்தேன்.

ஃபெர்ரி ஏறி, இறங்கி, கேட்டுக் கேட்டுப் போனேன். பிளாட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நம் வீட்டில் இப்போது ஒரு மியன்மார் குடும்பம். ஆன்ட்டி அதே வீட்டில்தான். முட்டி வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். “பிரமியா?” என்றார். நான் பெயர் சொல்லவே இல்லை.

தேத்தண்ணியும், வாழைப்பழத்தில் பொரித்த பீசாங் கோரேங்கும் வைத்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். சாப்பிடாமலே கேட்டேன்.

“ஆன்ட்டி, நீங்கதான அன்னிக்கு வெல்ஃபேருக்கு போன் போட்டீங்க?”

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இல்ல மா. நான் போடல. போட்டிருக்கணும். உங்கப்பன் ஆரம்பிச்சா நான் டிவி சத்தத்த கூட்டி வச்சிக்குவேன். நான் செஞ்சது அதான்.”

“அப்ப யாரு?”

“உங்கண்ணன கேளு மா.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நான் கிளம்பும்போது மிச்சப் பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஃபெர்ரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாப்பிட முடியவில்லை. பதினாறு வருஷமாக நான் அந்த மனுஷியை வெறுத்துக்கொண்டிருக்கிறேன் அண்ணே. அவர்தான் என்று எனக்குச் சொன்னது நீ.

யார் சொன்னது?

பிரமி


12 மே 2024
ஸ்கூடாய்

பிரமி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

நான்தான் சொன்னேன்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குடித்துவிட்டு என்னை அடிப்பது வழக்கம். அம்மாவையும் அடிப்பார். அவர் கை ஓங்கும்போது நான் முன்னால் போய் நின்றுவிடுவேன். உன் மேல் விழாது. அதுவரை விழுந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ரொட்டி வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினார். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது நீ சமையலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாய் தரையில் கிடந்தது. உன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நீ அழவில்லை. “ரொட்டி வாங்கிட்டியா அண்ணே?” என்று கேட்டாய். அழுதிருந்தால் நான் ஒருவேளை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் இடைவேளையில் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். புதன்கிழமை வேன் வந்தது.

நான் நினைத்தது வேறு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள், நாம் மூன்று பேரும் வீட்டில் இருப்போம் என்று நினைத்தேன். நம்மைக் கூட்டிப் போவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லத்தில் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், நடுவில் கம்பி வேலி. முதல் ஞாயிற்றுக்கிழமை நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “யாருண்ணே சொன்னது?” என்று கேட்டாய். என் வாயில் ஆன்ட்டியின் பெயர் வந்தது. ஏன் அவர் பெயர் என்று எனக்கே தெரியவில்லை. பசித்தால் நமக்கு இட்லி கொடுத்த ஒரே வீடு அது.

அம்மா எட்டு மாதம் வந்து பார்த்தார். கடைசியாக வந்த அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய், நான் மட்டும் போனேன். அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. “நீதான்டா குடும்பத்த பிரிச்ச. இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றார். பிறகு வரவில்லை. நீ ஒவ்வொரு ஞாயிறும் தலை வாரிக்கொண்டு வேலி ஓரத்தில் காத்திருப்பாய். நான் உன் பக்கம் வராமல் பந்து விளையாடிக்கொண்டிருப்பேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

கௌரி வீட்டில் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னேன். உயிரோடு இருக்கிறார் என்றால் ஏன் வருவதில்லை என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

இதை மேடையில் போட்டுவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

புவனேஸ்வரன்


2 ஜூன் 2024
டத்தோ கிராமாட்

அண்ணே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதலில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதை அனுப்பவில்லை. அதில் இருந்தது முழுக்கத் திட்டு. ஓர் அப்பாவி மனுஷியை வெறுக்க வைத்தாயே, அம்மா வரமாட்டார் என்று தெரிந்தும் என்னைத் தலை வாரிக்கொண்டு நிற்க விட்டாயே என்று. இரண்டும் உண்மைதான். இப்போதும் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பத்து நாள் வகுப்புக்குப் போகவில்லை. காமினி மிஸ் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போவேன், இறங்காமல் திரும்பிவிடலாமா என்று பார்ப்பேன், இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார்கள். ஒரு நாள் நான்கு தடவை போய் வந்தேன். அந்த அடி எனக்கு ஞாபகமே இல்லை அண்ணே. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முதுகில் இருப்பது சின்ன வயதில் வந்த சிரங்கின் தழும்பு என்று வடிவம்மாள் அம்மா சொல்லியிருந்தார். ஹன்னா அறைக்கு வந்தபோது, என் முதுகைப் போனில் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்துக் காட்டினாள். மூன்று கோடு. சிரங்கு கோடு போட்டுக்கொண்டு வராது. ஹன்னா என் சட்டையை இறக்கிவிட்டாள். கீழே போய் இரண்டு பாக்கெட் நாசி லெமாக் சோறு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமைகளில் எங்கள் மாடியில் இரண்டு இல்லங்களிலிருந்து சின்னப் பிள்ளைகள் படம் வரைய வருவார்கள். நாங்கள் முறை வைத்து உதவ வேண்டும். நேற்று என் முறை, அதனால்தான் போனேன். புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பெயர்ப் பட்டியலில் வயது பதினொன்று என்று இருந்தது. வண்ணப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். மணிக்கட்டு என் இரண்டு விரல் பருமன்தான். ஒவ்வொரு கோடு போட்ட பிறகும், “இது சரியா அக்கா?” என்று கேட்டாள். போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

ஐந்தாம் ஆண்டு என்று நீ எழுதியதைப் படித்தபோது, பதினொரு வயது என்று கணக்குப் போட்டும் என் மனதில் வந்தது ஒரு பெரிய ஆள். எனக்கு நீ எப்போதும் பெரியவன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது அந்த மணிக்கட்டு என்று நேற்றுதான் தெரிந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கிள்ளிக்கொள்ளவில்லை.

அம்மா சொன்னது பொய். நீ பிரிக்கவில்லை.

வேன் காட்சியை நிறுத்திவிட்டேன். ஆன்ட்டியையும் இனி அப்படி நடிக்க மாட்டேன். காமினி மிஸ்ஸுக்குக் கோபம். “ஸ்பான்சர்ஸ் கேட்டு வர்றதே உன் கதைதான் பிரமி. இப்ப வந்து இல்லன்னா என்னா பண்றது?” என்றார். போஸ்டரிலிருந்து ‘உண்மைக் கதை’யை எடுக்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பையன் ஆசிரியர் அறை வாசலில் நிற்கிறான். உள்ளே போகலாமா வேண்டாமா என்று இடைவேளை முழுக்க நிற்கிறான். அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை, தங்கை இல்லை. அதைச் செய்ய ஆசை. எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன், காமினி மிஸ் தலைகீழாக நின்றாலும் செய்ய மாட்டேன். சொல்.

பிரமி


23 ஜூன் 2024
ஸ்கூடாய்

பிரமி,

கௌரியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கூலாயில் அவள் வீட்டுக்கு முன்னால் காடியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே சொன்னேன். அவள் எஞ்சினை அணைத்தாள். இல்லத்தைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டாள். அம்மா உயிரோடு இருப்பதைச் சொன்னதும், “உசுரோட இருக்கிற அம்மாவையே இல்லன்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு என்னைய என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான்கு நாள் ஒரு செய்தியும் இல்லை.

ஐந்தாவது நாள் அவள் அப்பா அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அம்மா, “ஹோம்ல வளர்ந்தா என்ன தம்பி, அது உங்க தப்பா? நாங்க ஆறு மாசமா இல்லாத சித்திக்காகப் பாவப்பட்டுக்கிட்டு இருந்தோமே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார்.  கல்யாணம் செப்டம்பரில் இல்லை. தை மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். கௌரி பேசுகிறாள், ஆனால் யோசித்துப் பேசுகிறாள். நான் ஏதாவது சொன்னால் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள், உண்மையா என்று. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நீ எழுதிய காட்சியைப் படித்தேன். அதில் தவறு இருக்கிறது. பையன் அழுதுகொண்டு உள்ளே ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். அவன் அழவில்லை. ஓடவும் இல்லை. முதல் தடவை உள்ளே போனபோது டீச்சர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் வெண்கட்டி வேண்டும் என்றான். அவர் ஒரு வெண்கட்டி கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அவனுக்கு வெண்கட்டியால் ஒரு வேலையும் இல்லாததால், மறுபடி வாசலில் நின்றான். கையெல்லாம் வெள்ளையாகும் வரை அதை உருட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை போனபோதுதான் சொன்னான். டீச்சர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம்தான் எனக்கு இன்றும் கேட்கிறது.

செய். ஆனால் அவனை வீரன் மாதிரி நிற்க வைக்காதே. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

நிகழ்ச்சி அன்று எனக்கு ஷிஃப்ட். மாற்றிக் கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்கும். இன்னும் என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை.

அண்ணன்


11 ஆகஸ்ட் 2024
டத்தோ கிராமாட்

அண்ணே,

நிகழ்ச்சி முடிந்து மூன்று வாரம். உடனே எழுதியிருப்பேன். வேறு ஒன்று நடந்துவிட்டது, அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நிகழ்ச்சி. அறுபது நாற்காலி, எல்லாம் நிறைந்தது. ஹன்னா எனக்காக ஒரு கதவு செய்திருந்தாள், சட்டத்தோடு நிற்கும் உண்மையான மரக்கதவு, நீல வண்ணம். நான் வெண்கட்டியோடு அதன் முன்னால் நின்றேன். நீ சொன்ன மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஏழு நிமிஷத்தில் பேசியது நான்கு வாக்கியம்தான். இரண்டாவது தடவை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஹன்னா அந்தப் பக்கத்திலிருந்து சாத்தினாள். விளக்கு அணைந்தது. யாரும் கைதட்டவில்லை. சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு தட்டினார்கள்.

ஸ்பான்சர் அம்மா ஒருவர் முன்வரிசையில் கையில் டிஷ்யூவோடு காத்திருந்தார். முடிந்ததும் காமினி மிஸ்ஸிடம், “அந்தப் பொண்ணோட கதை எப்ப வரும்?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மிஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “அவ நடிச்சத பாத்தீங்க. கதை அவளோடது மா, அவகிட்டயே இருக்கட்டும்” என்றார். அடுத்த வருஷம் இடம் இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. அதற்காக மிஸ் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனதுதான் என்னைச் சும்மா விடவில்லை.

இப்போது மற்றது.

சனிக்கிழமைப் பிள்ளைகளையும் நிகழ்ச்சிக்கு அழைத்து வந்திருந்தார்கள். போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை படம் வரையும் நேரத்தில் முன்பு புட்டி மூடியை என்னிடம் நீட்டிய அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் எழுத மாட்டேன். தூரிகை கழுவிக்கொண்டே கேட்டாள்:

“அக்கா, அந்தப் பையன் உள்ள போயி சொல்லிட்டானா?”

“சொல்லிட்டான்.”

“அப்புறம் என்னா ஆச்சு?”

என்ன சொல்வது? நல்லது நடந்தது என்று சொன்னால் பொய். “ரொம்பக் கஷ்டமா இருந்திச்சி. கொஞ்ச நாள் இல்ல, ரொம்ப வருஷம். ஆனா யாரும் அவங்கள அடிக்கல” என்றேன்.

அவள் நிறைய நேரம் தூரிகை கழுவினாள். தண்ணீர் கறுத்துப் போனது. பிறகு சொன்னாள். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு அவளை மாமா வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கேதான். இனி போக மாட்டேன் என்றாள். ஏன் என்றும் சொன்னாள். அதை நான் உனக்கு எழுதவில்லை. “யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. சத்தியமா?” என்று கையை நீட்டினாள்.

நான் கையைக் கொடுக்கவில்லை. “சத்தியம் பண்ண முடியாது மா. இத நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு மொதல்ல உன்கிட்ட சொல்றேன்” என்றேன். அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கே காமினி மிஸ்ஸிடம் சொன்னேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் சமூக நல இலாகாவுக்குப் போனோம். நூர் ஃபாத்திஹா என்ற அதிகாரி, பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு இருபத்தொரு வயது, பக்கத்தில் மிஸ் இருக்கிறார், ஆனாலும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மாமா வீட்டுக்கு இனி அனுப்ப மாட்டார்கள். விசாரணை நடக்கிறது. அவளோடு பேச ஒரு டாக்டர் வருகிறார்.

நேற்று வகுப்புக்கு வந்தாள். என்னிடம் வரவில்லை. கடைசி மேசையில் உட்கார்ந்து, நான் நிமிரும்போதெல்லாம் முறைத்தாள். மூடி திறக்க வேண்டும் என்றால் ஹன்னாவிடம் கொடுத்தாள். அவள் மாமி அழுததாகவும், எல்லாம் இவளால்தான் என்று யாரோ போனில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நான் செய்தது சரிதானா அண்ணே? இதை வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரமி


18 ஆகஸ்ட் 2024
ஸ்கூடாய்

பிரமி,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கௌரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை மாலையில் அவள் வாங்கிப் படித்தாள்.

நீ செய்தது சரி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்ல வேண்டும், எதுவும் அவளால் இல்லை என்று. ஒரு தடவை சொன்னால் போதாது. மறுபடி மறுபடி சொல்ல வேண்டும், அவள் நம்பாவிட்டாலும், காதைப் பொத்திக்கொண்டாலும். அந்த டாக்டரிடம் சொல், மிஸ்ஸிடம் சொல். நீயும் சொல். ‘நீ பிரிக்கவில்லை’ என்று நீ எழுதியதை நான் எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமைக்கு லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. கௌரியும் நானும் வருகிறோம். எனக்குப் படம் வரைய வராது. புட்டி கழுவுகிறேன், நாற்காலி அடுக்குகிறேன். மத்தியானம் பட்டர்வொர்த் போய் ஆன்ட்டியைப் பார்க்க வேண்டும். அவரிடம் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது, நீ கூட வா.

அந்தப் பெண் முறைப்பதற்காக வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதே. நான் அந்தத் தவறைச் செய்தேன், பந்து விளையாடப் போனேன். நீ அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே உட்கார். முறைக்கட்டும். செப்டம்பர் விடுமுறைக்கு அவள் அந்த மாமா வீட்டுக்குப் போகப் போவதில்லை, அந்த மேசையில் உட்கார்ந்து உன்னை முறைத்துக்கொண்டிருப்பாள்.

அண்ணன்